பத்துக் குதிரைப் படகு

துலுக்காணத்துக்கும் அவன் மச்சான் வேதாச்சலத்துக்கும் பேச்சு நின்று பத்து வருடம் ஆகிறது. ஓடைக்கரையில் யாரைக் கேட்டாலும் காசுத் தகராறு என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது சொல்கிறார்கள். காசு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, ஒரு ரூபாய் குறையவில்லை. தகராறே அதனால்தான்.

ஓடைக்கரை, சூளூர்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற நூற்றிருபது வீட்டு ஊர். கரண்டு பில்லும் ரேஷன் கார்டும் தெலுங்கில் வரும், வீட்டுக்குள் திட்டிக்கொள்வது தமிழில். ஏரி என்று பேர்தானே தவிர, பாதி உப்புத் தண்ணீர். முகத்துவாரம் திறந்திருக்கிற மாதங்களில் கடலிலிருந்து கொடுவா உள்ளே ஏறி வரும். ஒரு கொடுவா ஐந்து கிலோ, எட்டு கிலோ தேறும். அந்த ஊர் சோறு தின்றதெல்லாம் அந்த மீனால்தான்.

துலுக்காணத்திடம் தொண்ணூற்றைந்து வரை ஒரு மரப்படகு இருந்தது. தட்டையான அடி, முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், கழி ஊன்றித் தள்ளினால் போகும். முன்னால் துலுக்காணம் வலையோடு நிற்பான். பின்னால் பெண்டாட்டி சுந்தரம்மாவின் தம்பி வேதாச்சலம் கழியோடு நிற்பான். இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். வேதாச்சலத்துக்கும் அப்பன் வழியில் ஏரியில் பங்கு உண்டு, ஆனால் படகு கிடையாது. அதனால் மாமன் படகிலேயே காலம் போயிற்று.

அப்போதுதான் நாட்டின் கதவைத் திறந்துவிட்டோம் என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னார்கள். ஓடைக்கரைக்கு அந்தக் கதவு வழியாக வந்தது ஐஸ் வேன். கிலோ இருபத்தைந்துக்கு சூளூர்பேட்டை மார்க்கெட்டில் ஈ மொய்த்துக் கிடந்த கொடுவா, சென்னை கம்பெனிக்காரர்கள் கையில் எழுபதாகி, நூறாகி, ஏதோ வெளிநாட்டு ஓட்டல் தட்டுக்குப் போயிற்று. ஊரே குதித்தது. மீன் விலை ஏறுவதை மட்டும் பார்த்தார்களே ஒழிய, பின்னாலேயே படகு விலை, வலை விலை, கயிற்று விலை எல்லாம் ஏறி வருவதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

வேதாச்சலத்துக்கு ஏரி போதவில்லை. குவைத்துக்குப் போகிறேன் என்று திருப்பதியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தான். பதினாலாயிரம் குறைந்தது. சுந்தரம்மா இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் துலுக்காணம் படகை விற்றான். சரியாகப் பதினாலாயிரம்.

“ரெண்டே வருஷம் மாமா. பணத்த அனுப்பிட்றேன், நீ புதுசா வாங்கிக்கோ” என்று பஸ் ஏறும்போது வேதாச்சலம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

இரண்டு நான்காயிற்று. தொண்ணூற்றொன்பதில் பாங்கிக்குப் பணம் வந்தது, பதினாலாயிரம். துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கே தடாவுக்குப் போனான். படகு கட்டுகிற ஆசாரியைத் தேடினால், அவர் கதவு ஜன்னல் போடப் போய்விட்டார். மரத்துக்கே இருபத்தைந்து ஆகும், இப்போது யார் மரத்தில் போடுகிறார்கள், எல்லாம் ஃபைபர்தான் என்றார்கள். ஃபைபர் படகு நாற்பதாயிரம். பதினாலாயிரத்துக்கு அன்று அவனுக்குக் கிடைத்தது ஒரு கொடுவா வலை. மிதப்பும் ஈயக்குண்டும் சேர்த்து. கயிறு தனி. படகைக் கொடுத்து வலையை வாங்கிக்கொண்டு வந்தவன், அதைப் பரணில் தூக்கிப் போட்டான்.

அடுத்த வருடம் வேதாச்சலம் ஊருக்கே வந்துவிட்டான். வந்த வேகத்தில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் பளபளவென்று ஒரு ஃபைபர் படகு, அதில் ஒன்பது குதிரைசக்தி டீசல் இன்ஜின். துலுக்காணம் நேரே போய்க் கேட்டான்.

“எனக்குப் படகு எங்கடா?”

“பதினாலு குடுத்த, பதினாலு வந்துச்சில்ல மாமா?”

“நான் இன்னா பதினாலா குடுத்தேன்? படகு குடுத்தேன்.”

“படகு வெல பதினாலு தானே.”

“அன்னிக்கு.”

“அன்னிக்கு வாங்கனத தானே நான் குடுக்க முடியும். வெல ஏறிப்போச்சுன்னா, நானா ஏத்தனேன்?”

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகப் பட்டதுதான் பெரிய தொல்லை. ஒருத்தன் அயோக்கியனாக இருந்திருந்தால் ஊர் கூடி ஒரு வார்த்தையில் முடித்திருக்கும். இரண்டு பேரும் தன் தன் கணக்கில் சுத்தமாக நின்றார்கள். துலுக்காணம் அங்கேயே காறித் துப்பிவிட்டு வந்தான். அதோடு பேச்சு நின்றது. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு சுந்தரம்மா தனியாகத்தான் போனாள்.

பிறகு பத்து வருடம் அவன் அடுத்தவர்கள் படகில் கூலி. என் படகில் வரட்டுமே என்று வேதாச்சலம் அக்காவிடம் சொல்லி அனுப்பினான். அதற்கு துலுக்காணம் சொல்லி அனுப்பிய பதிலை சுந்தரம்மா தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடியதாகவும் இல்லை.

சுனாமி வந்து போன பிறகு எங்கிருந்தோ தர்ம ஸ்தாபனங்கள் வந்து, படகு போனவர்களுக்கெல்லாம் ஃபைபர் படகு கொடுத்தன. லிஸ்ட் எழுத வந்த ஆபீசர் துலுக்காணத்திடம், உங்கள் படகு எங்கே போயிற்று என்று கேட்டார்.

“குவைத்துக்குப் போச்சு சார்” என்றான் துலுக்காணம்.

ஆபீசர் சிரிக்கவில்லை. படகு லேது, அதாவது இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கரையில் நாற்பது புதுப் படகு வரிசையாக நின்றது. அலையில் போவதற்கு அவனிடம் படகு இருந்திருந்தால்தானே புதுசு வரும். அன்றிலிருந்து அவனுக்கு ஃபைபரைக் கண்டாலே எரிச்சல். அவன் நாற்பது சேர்த்தபோது படகு அறுபது. அறுபதுக்கு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனபோது அது தொண்ணூறு.

இப்படியே போயிருந்தால் அவன் திட்டிக்கொண்டே கிழவனாகியிருப்பான். ஊர்க் கமிட்டி விடவில்லை. ஏரியில் கண்ட இடத்தில் கண்டவர்கள் வலை போட முடியாது. நல்ல ஓடைகளில் வலை கட்டும் முறை பங்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆடி முதல் வெள்ளி அன்று குலுக்கல். அவரவர் குறி கீறிய கிளிஞ்சலைக் குடத்தில் போட்டு, ஊர்த்தலைவர் ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வருகிறவனுக்கு முதல் ஓடை. அந்தக் குடத்தில் கிளிஞ்சல் போட வேண்டுமானால், அன்று காலை அவன் சொந்தப் படகு தண்ணீரில் மிதக்க வேண்டும், அவன் அதில் நிற்க வேண்டும். படகு இல்லாத வருடம் பங்கு தூங்கும். துலுக்காணத்தின் பங்கு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. புதுப்பணக்காரர்கள் பங்கு கேட்டு நெருக்கவும், கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. ஐந்து வருடத்துக்கு மேல் தூங்குகிற பங்கு இந்த ஆடியோடு வெட்டு. கூட்டத்தில் வேதாச்சலமும் உட்கார்ந்திருந்தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துலுக்காணத்துக்கு அது போதும்.

பங்கு போனவன் என்ன ஆவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தடா பக்கம் வந்த ஷூ கம்பெனி வாசலில் நீலச் சட்டை, தொப்பி, கையில் விசில். ஓடைக்கரையில் பங்கு செத்த நாலு பேர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். துலுக்காணத்தின் மகள் தேன்மொழி அதே கம்பெனியில் ஷூவுக்கு கோந்து ஒட்டுகிற வேலையில் இருந்தாள்.

கடைசியில் அவன் சூளூர்பேட்டை கடைக்குப் போனான்.

“வெறும் படகு மட்டும் குடு” என்றான்.

“வெறும் படகுக்கு லோன் லேதய்யா. செட்டா எடுத்தா தான் ஸ்கீம்” என்றான் கடைக்காரன்.

செட்டு என்றால் படகு, இன்ஜின், ஐஸ் பெட்டி, பேட்டரி, வழி காட்டுகிற மிஷின், அதற்கு மேல் மீன் காட்டுகிற மிஷின். எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். துலுக்காணத்துக்குக் காது சூடாகிவிட்டது.

“எங்க ஏரியில இடுப்புத் தண்ணி. மீன் என் கால்லயே இடிச்சிக்கினு போவும். அத்த காட்டறதுக்கு ஒரு மிஷினா?”

“ஸ்கீமுல கீது. வாணான்னா ஸ்கீமே லேது. இன்ஜின் ஒம்பதா, பத்தா?”

அதுவரை புத்தியோடுதான் பேசிக்கொண்டிருந்தான் பாவி மனிதன்.

“வேதாச்சலம் வாங்கனது எவ்ளோ?” என்று கேட்டான்.

“ஒம்பது.”

“எனக்குப் பத்து போடு.”

பத்துக் குதிரை இன்ஜின் ஒன்பதைவிட முப்பது கிலோ கூட என்று கடைக்காரன் சொன்னான். சொன்னது அவன் காதில் ஏறவில்லை. இன்ஜின் இருக்கிறதே, கூட ஒரு ஆள் எதற்கு, ஆள் கூலி மிச்சம் என்றும் கடைக்காரன் சொன்னான். அது மட்டும் நன்றாக ஏறியது.

லோனுக்கு தேன்மொழியின் சம்பளச் சீட்டுதான் ஜாமீன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்பனை முறைத்தாள்.

“நைனா, மூணு வருஷம் என் சம்பளம் இதுக்கே பூடும்.”

“பங்கு செத்துச்சுன்னா உன் கம்பெனி கேட்டுல நான் தொப்பி போட்டுக்கினு நிக்கணும். நீ பஸ்ஸுல உள்ள போவ சொல்ல சல்யூட் அடிக்கணும். உனக்குப் பரவால்லையா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

படகு வியாழக்கிழமை சாயங்காலம்தான் லாரியில் வந்தது. தண்ணீர் ஓரத்தில் இறக்கி, இன்ஜினை முடுக்கிப் பொருத்திவிட்டு லாரிக்காரன் போய்விட்டான். ஆடி மாதம். மேலக்காற்று நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தது. மேலக்காற்று வலுத்தால் ஏரித் தண்ணீர் கிழக்கே ஒதுங்கி இந்தக் கரை காய்ந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் பொழுது சாய்வதற்குள்ளேயே தங்கள் படகுகளை ஓட்டிக்கொண்டுபோய் ஆழமான ஓடையில் நிறுத்திவிட்டார்கள். துலுக்காணத்துக்கும் தெரியாததில்லை. ஆனால் அவன் மனதில் இருந்தது தட்டை அடி மரப்படகின் கணக்கு. பதினைந்து வருடமாகச் சொந்தப் படகு இல்லாதவனுக்கு, ஃபைபர் எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பது அடுத்தவர்கள் கவலையாகவே இருந்துவிட்டது. யாராவது வந்து சொல்லியிருக்கலாம். சொல்கிற மாதிரி அவன் யாரோடும் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் தண்ணீர் அறுபது அடி தள்ளிப் போயிருந்தது. படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து மிதக்கிற ஆழத்துக்கு இன்னும் நூறு அடி போக வேண்டும். ஓடையில் மற்றவர்கள் குளித்து முழுகித் தங்கள் படகில் நின்றுகொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் கோவர்த்தனன் முழங்கால் தண்ணீரில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் குடத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். கற்பூரம் ஏற்றியாகிவிட்டால், சூரியன் பனை உயரம் வருவதற்குள் குடத்தை மூடிவிடுவார்கள்.

துலுக்காணம் தள்ளினான். படகு அசையவே இல்லை. இன்ஜின் பாரம் பின்பக்கத்தைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஸ்பேனர் எடுத்துக்கினு வா” என்று மகளைப் பார்த்துக் கத்தினான்.

படகிலிருந்து சாமான் இறக்குவதற்கு யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். தள்ளுவதற்குத்தான் சொந்தக்காரனும் அவன் பெயர் சொன்ன ஒரு ஆளும் தவிர மற்றவர்கள் கை படக்கூடாது. அப்பனும் மகளும் நாலு போல்ட்டைக் கழற்றினார்கள். சுந்தரம்மாவும் சேர்ந்து, மூன்று பேருமாக அந்தப் பத்துக் குதிரையைச் சேற்றில் இழுத்துப் போட்டார்கள். புது பெயிண்ட் மேல் கறுப்புச் சேறு வழிந்தது. அடுத்து ஐஸ் பெட்டி. அடுத்து பேட்டரி. வழி காட்டுகிற மிஷின். மீன் காட்டுகிற மிஷின். தேன்மொழியின் மூன்று வருடச் சம்பளம் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கியது. ஓடையில் நின்ற எவனோ சிரித்தான். துலுக்காணம் அவன் தாயைத் திட்டினான், யார் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

படகு இப்போது அசைந்தது. ஒரு சாண். நெஞ்சை வைத்து முட்டினான், இன்னொரு சாண். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சேறு முழங்கால் வரை உள்ளே இழுத்தது. கால்வாசி தூரம் போவதற்குள் வாயில் நுரை வந்துவிட்டது.

“துலுக்காணம், உன் ஆளு யாருப்பா?” என்று கோவர்த்தனன் கேட்டார். குலுக்கலில் ஒவ்வொருவரையும் கேட்கிற கேள்விதான்.

“எனக்கு ஆளு வாணாம்.”

கோவர்த்தனன் சூரியனைப் பார்த்தார்.

அப்போதுதான் ஓடையில் வேதாச்சலம் தன் படகிலிருந்து இறங்கினான். இடுப்புத் தண்ணீரில் நடந்து, சேற்றில் நடந்து, அவசரப்படாமல் துலுக்காணத்தின் படகுக்குப் பின்னால் வந்து நின்றான். குலுக்கல் காலையில் தன் படகை விட்டு இறங்கி இன்னொருவனுக்கு ஆளாகப் போனால், அந்த வருடம் அவன் கிளிஞ்சல் குடத்தில் விழாது. பெயர் சொல்லிவிட்டால் அடுத்த ஆடி வரை அந்தப் படகிலேயே அவன் போக வேண்டும். இது அந்த ஊரில் எழுதாத சட்டம், மாற்றியவர் இல்லை.

“தொடாத” என்றான் துலுக்காணம். பத்து வருடம் கழித்து மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“தொடல. தலைவர் கிட்ட பேர சொல்லு.”

“உன் படகுக்குப் போடா.”

“எனக்கு ஒரு வருஷம் தூங்கும் மாமா. உனக்கு செத்துடும்.”

துலுக்காணத்துக்கு அவனைச் சேற்றில் அமுக்கிக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஏசிவிட்டுப் போக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஊர் பார்க்க, மறுபடியும் இவன்தான் யோக்கியன். மறுபடியும் தான்தான் வாயடைத்து நிற்கிற முட்டாள். இல்லை என்று சொல்லிவிட அவனுக்கு எவ்வளவு ஆசை என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். நீலச் சட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கரையில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சுந்தரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ரெண்டு பேரும் நின்னு கொஞ்சிக்கினே இருங்க. குடத்த மூடிக்கினு அவுங்க வூட்டுக்குப் போவட்டும்” என்று கத்தினாள்.

“கடைசியா கேக்கறேன். உன் ஆளு யாரு?” என்றார் கோவர்த்தனன்.

“இந்த நாயி தான்.”

“பேரு சொல்லணும்.”

துலுக்காணம் படகின் விளிம்பைப் பார்த்துச் சொன்னான்.

“வேதாச்சலம்.”

வேதாச்சலம் தோளைக் கொடுத்தான். இரண்டு தோளும் ஒரே நேரத்தில் முட்டியதும் சேறு பிடியை விட்டது. முழங்கால் தண்ணீர், தொடைத் தண்ணீர். படகு மெல்ல ஆடி எழுந்தது. துலுக்காணம் தாவி ஏறி முன்னால் நின்றான். வேதாச்சலம் பழக்கதோஷத்தில் பின்பக்கம் ஒரு காலைத் தூக்கி வைத்தான். பாரத்தில் படகின் அடி தரையில் இடித்தது.

“எறங்கு.”

இறங்கினான். குலுக்கல் முடிகிறவரை தொடைத் தண்ணீரில் நின்று, படகு காற்றில் நகராமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். குவைத்துக்குப் போய் வந்தவன், கமிட்டியில் நாற்காலி உள்ளவன், கூலி ஆளாக. இவன் ஒருநாள் என் காலடியில் நிற்க வேண்டும் என்று துலுக்காணம் எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டிருக்கிறான். இப்போது நின்றான், அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

கோவர்த்தனன் ஏழாவதாக எடுத்த கிளிஞ்சலில் துலுக்காணத்தின் குறி இருந்தது. ஏழாவது ஓடை நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. பங்கு பிழைத்துவிட்டது. கரையில் தேன்மொழி சேற்றுக் கையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள்.

வேதாச்சலம் நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

“அன்னிக்கு நான் படகா குடுத்திருக்கணும் மாமா.”

“இப்ப சொல்லி இன்னா. அது இன்னிக்கு ரெண்டு லட்சம்.”

“தெரியும். அதான் வந்தேன்.”

துலுக்காணம் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடம், நாள் தவறாமல், நாலு அடி தூரத்தில் இந்த மூஞ்சி.

“காலைல எத்தன மணிக்கு வரட்டும்?” என்று வேதாச்சலம் கேட்டான்.

“நாலுக்கு. வாய மூடிக்கினு வேல செய்யணும்.”

“சரி. கூலி எதுவும் வாணாம்.”

“உன் ஓசி வேல எனக்கு வாணாம். கூலி குடுப்பேன்” என்றான் துலுக்காணம். “இன்னிக்கு இன்னா ரேட்டோ அந்த ரேட்டு. அடுத்த மாசம் ஏறுச்சுன்னா, ஏறின ரேட்டு.”

வேதாச்சலம் படகின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.